பழைய காரும் சுருங்கும் உலோகமும்

அறுபது, எழுபது ஆண்டுகளுக்கு முன் ஓடிய மோட்டார் கார்களைத் திரைப்படத்திலோ, கண்காட்சியிலோ நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவற்றில் நம் கண்ணை முதலில் கவர்வது எது? எஞ்சின் அன்று, அது மூடிக்குள் மறைந்திருக்கிறது. முகப்பில் பளபளக்கும் கிரில், பானெட்டின் நுனியில் பாய்வது போல் நிற்கும் சிறு உருவம், பக்கவாட்டில் நீண்டு ஓடும் ‘பீடிங்’ பட்டை, கதவுக் கைப்பிடி, காரின் பெயரைத் தாங்கிய ‘மோனோகிராம்’ எழுத்து ஆகியவைதாம் நம்மை நிற்க வைத்துப் பார்க்கச் செய்கின்றன. இவற்றை அணிப் பாகங்கள் என்று அழைப்போம்.

பழைய கார்களைப் புதுப்பிப்பவர்களுக்கு எஞ்சினைவிட அதிகத் தொல்லை தருபவை இந்த அணிப் பாகங்களே. தேய்ந்துபோன தண்டு ஒன்றை லேத்தில் கடைந்துவிடலாம். துருப்பிடித்த தகட்டை வெட்டியெடுத்துப் புதுத் தகட்டை ஒட்டவைத்துவிடலாம். ஆனால் பானெட்டில் நின்ற உருவம் இரண்டாக உடைந்துபோனால் என்ன செய்வது? கடையில் கிடைக்காது. செய்த கம்பெனியைக் கேட்கலாம் என்றால் கம்பெனியே இருப்பதில்லை. அமெரிக்காவில் புகழ்பெற்று விளங்கிய ஹட்சன் என்ற பெயர் 1957-லும், பாக்கார்டு 1958-லும், ஸ்டுடிபேக்கர் 1966-லும் கார் உலகிலிருந்து மறைந்துவிட்டன.

“உடைந்த துண்டுகளை ஒட்டவைத்து, அதைக் கொண்டு ஓர் அச்சு எடுத்து, உலோகத்தை உருக்கி ஊற்றினால் ஆயிற்று. இதில் என்ன கடினம்?” என்று நீங்கள் கேட்கலாம். ஊற்றலாம்தான். பார்வைக்கு அதே போன்ற பாகமும் கிடைக்கும். ஆனால் அது காரில் பொருந்தாது! ஏன் பொருந்தாது என்பதற்கான விடை உங்கள் இயற்பியல் பாடநூலிலேயே இருக்கிறது.

பளபளப்பின் கதை

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த கார்களில் விளக்கும் முகப்புச் சட்டமும் பித்தளையால் ஆனவை. நம் வீட்டுக் குத்துவிளக்கைப் போல அவற்றையும் அடிக்கடி தேய்த்துத் துலக்க வேண்டியிருந்தது. பிறகு பித்தளையின் மேல் நிக்கல் முலாம் பூசினார்கள். நிக்கலும் நாளடைவில் மங்கியது. 1920-களின் நடுவில் குரோமியத்தை மின்சாரத்தின் உதவியால் படியவைக்கும் முறை தொழிற்சாலைகளுக்கு வந்தது. இலேசான நீலச்சாயலுடன் மின்னும் குரோமியம் காற்றில் மங்குவதில்லை. அதன் மேல் தானாக உருவாகும் மிக மெல்லிய ஆக்சைடுப் படலம் அதைக் காக்கிறது.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் 1913-இல் ஹாரி பிரியர்லி உருவாக்கிய துருப்பிடிக்காத எஃகிலும் காவலாக இருப்பது குரோமியமே. ஃபோர்டு கம்பெனி 1930-இல் தன் ‘மாடல் ஏ’ காரின் ரேடியேட்டர் சட்டத்தை இவ்வகை எஃகால் செய்தது. நீளமான பீடிங் பட்டைகளுக்கும் இதுவே பின்னாளில் ஏற்ற உலோகமாயிற்று.

ஆனால் வளைவும் நெளிவும் எழுத்தும் நிறைந்த சிறு பாகங்களுக்குத் தகடு உதவாது, வார்ப்புதான் வேண்டும். அமெரிக்காவின் நியூ ஜெர்சி துத்தநாகக் கம்பெனி 1929-இல் ‘ஜமாக்’ என்ற உலோகக் கலவை வரிசையை வெளியிட்டது. துத்தநாகம், அலுமினியம், மக்னீசியம், செம்பு ஆகியவற்றின் ஜெர்மன் பெயர்களின் முதலெழுத்துகளே ஜமாக். இதில் பெரும்பகுதி துத்தநாகம். அலுமினியம் சுமார் 4 விழுக்காடு. சுமார் 385 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். நீரைப் போல ஓடி, அச்சின் நுண்ணிய கோடுகளிலும் புகுந்துகொள்ளும். 1930 முதல் 1960 வரையிலான கார்களின் கைப்பிடிகள், எழுத்துகள், உருவங்களில் பெரும்பாலானவை துத்தநாக வார்ப்பின் மேல் குரோமியம் பூசியவையே.

இந்தப் பளபளப்புக்கும் உலக வரலாற்றுக்கும் தொடர்பு உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது உலோகங்களைச் சேமிப்பதற்காக, 1942 ஜனவரி முதல் அமெரிக்கக் கார்களில் பம்பர் போன்ற சிலவற்றைத் தவிர மற்றப் பாகங்களில் குரோமியப் பூச்சு தடை செய்யப்பட்டது. அவற்றுக்கு வண்ணம் மட்டுமே பூசினார்கள். பிப்ரவரியில் கார் உற்பத்தியே நின்றுபோயிற்று. எனவே அந்தச் சில வாரங்களில் வெளிவந்த கார் ஒன்றை அசல் போலப் புதுப்பிக்க விரும்புகிறவர் குரோமியத்தைத் தேடக் கூடாது. வண்ண டப்பாவைத்தான் தேட வேண்டும்!

இரண்டு நோய்கள்

துத்தநாக வார்ப்புக்கு வரும் நோய்கள் இரண்டு. ஒன்று வெளியிலிருந்து வருவது. மற்றொன்று உள்ளிருந்தே வருவது.

இரும்பு வாளிக்குத் துத்தநாகம் பூசுவது ஏன் என்று படித்திருக்கிறீர்கள். துத்தநாகம் தான் அரிக்கப்பட்டு இரும்பைக் காப்பாற்றுகிறது. கார்ப் பாகத்தில் நிலைமை தலைகீழ். இங்கே துத்தநாகம் அடியில் இருக்கிறது. நிக்கல் மேலே இருக்கிறது. மின்வேதி வரிசையில் துத்தநாகத்தின் மின்னழுத்தம் கழித்தல் 0.76 வோல்ட், நிக்கலினுடையது கழித்தல் 0.25 வோல்ட். பூச்சில் ஊசிமுனை அளவு துளை இருந்தாலும் போதும். மழைநீர் அதில் இறங்கியதும் ஒரு சிறு மின்கலம் உருவாகிவிடுகிறது. அதில் கரைவது துத்தநாகம். கரைந்து உண்டாகும் வெண்மையான உப்புப்பொருள் அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால் மேலே உள்ள பளபளப்பான தோல் கொப்புளமாக எழும்புகிறது. பழைய கார்களின் கைப்பிடிகளில் அம்மைத் தழும்பு போலக் காணப்படும் குழிகள் இப்படி வந்தவையே.

இரண்டாவது நோய் இன்னும் கொடியது. துத்தநாகக் கலவையில் ஈயம், வெள்ளீயம் போன்றவை மிகச் சிறிதளவு கலந்திருந்தாலும் அவை உலோகத்தின் நுண்மணிகளுக்கு இடையிலுள்ள எல்லைகளில் சேர்ந்துகொள்கின்றன. ஈரமும் வெப்பமும் சேரும்போது அந்த எல்லைகள் வழியாக அரிப்பு உள்ளே பரவுகிறது. பாகம் முதலில் சற்றுப் பருக்கிறது. பிறகு விரிசல் விடுகிறது. கடைசியில் காய்ந்த பிஸ்கோத்துப் போலக் கையில் நொறுங்குகிறது. இரண்டாம் உலகப் போருக்கு முன் செய்த டிங்கி பொம்மைக் கார்கள் பலவும் இந்நோயால் நொறுங்கியிருக்கின்றன. இதைத் தடுக்கத்தான் ஜமாக் கலவைக்கு 99.99 விழுக்காடு தூய துத்தநாகத்தைப் பயன்படுத்துகிறார்கள். அதில் ஈயம் ஒரு லட்சம் பங்குக்கு 5 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது.

இதிலிருந்து ஓர் எச்சரிக்கை கிடைக்கிறது. “உடைந்த பழைய துண்டுகளையே உருக்கி ஊற்றினால் உலோகச் செலவும் மிச்சம்தானே?” என்று எண்ணத் தோன்றும். அந்தத் துண்டுகளில் யாரோ எப்போதோ பற்றவைத்த ஈயமும் வெள்ளீயமும் ஒட்டியிருக்கலாம். அவை முழுக் கலவையையும் கெடுத்துவிடும். புதுப் பாகம் பார்வைக்கு அழகாக இருக்கும். ஆனால் சில ஆண்டுகளில் அதுவும் நொறுங்கும்.

முதலில் மருத்துவம், பிறகுதான் நகல்

குழி விழுந்த பாகமெல்லாம் புதிதாகச் செய்யப்பட வேண்டியதில்லை. பழைய முலாமை நீக்கி, ஒவ்வொரு குழியிலும் உள்ள அரிப்பைப் பல் மருத்துவர் செய்வது போலக் குடைந்து எடுத்து, செம்பு முலாம் பூசி, குழிகளைப் பற்றாசால் நிரப்பி, தேய்த்துச் சமப்படுத்தி, மீண்டும் செம்பு பூசுவார்கள். பொறுமை மிகுந்த வேலை இது. துத்தநாகக் கலவை உருகும் வெப்பநிலை குறைவு என்பதால் சூட்டுக்கோல் சற்று அதிகமாகச் சுட்டாலும் பாகமே உருகி வழிந்துவிடும்.

துருப்பிடிக்காத எஃகுப் பட்டையில் நசுங்கல் மட்டும் இருந்தால் இன்னும் எளிது. பின்புறமிருந்து சிறு சுத்தியலால் தட்டி உயர்த்தி, அரத்தால் சமப்படுத்தி, மணல்தாளால் தேய்த்து, பஃபிங் சக்கரத்தில் மெருகேற்றினால் பழைய ஒளி திரும்பிவிடும். அதற்கு முலாமே தேவையில்லை.

பாகம் காணாமலே போய்விட்டாலோ, உள்ளிருந்து நொறுங்கிவிட்டாலோதான் நகல் வேண்டியிருக்கிறது.

அசல் வழி ஏன் உதவாது?

அசல் பாகத்தை எப்படிச் செய்தார்களோ அப்படியே செய்துவிடலாமே! அங்கேதான் கணக்கு குறுக்கே நிற்கிறது. அக்காலத்தில் கடினமான எஃகுக் கட்டிகளில் பாகத்தின் வடிவத்தைக் குடைந்து அச்சு செய்தார்கள். உருகிய துத்தநாகத்தை மிகுந்த அழுத்தத்துடன் அந்த அச்சுக்குள் செலுத்தினார்கள். சில நொடிகளில் ஒரு பாகம் வெளியே வந்தது. அச்சு செய்ய மாதக்கணக்கில் ஆகும். செலவும் மிக அதிகம்.

ஓர் அச்சுக்கு 10 லட்சம் ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 10,000 பாகங்கள் செய்தால் ஒவ்வொன்றின் மீதும் விழும் அச்சுச் செலவு 100 ரூபாய். 10 பாகங்கள் மட்டுமே தேவை என்றால்? ஒவ்வொன்றின் மீதும் ஒரு லட்சம் ரூபாய்!

1957-ஆம் ஆண்டு மாடல் செவர்லே கார்கள் சுமார் 15 லட்சம் செய்யப்பட்டன. அவற்றை இன்றும் போற்றி வைத்திருப்பவர்கள் பலர். ஆகவே அதற்கான அணிப் பாகங்களைப் புது அச்சு செய்தே உற்பத்தி செய்து விற்கிறார்கள். ஆனால் 1948-ஆம் ஆண்டின் டக்கர் காரோ மொத்தம் 51 மட்டுமே செய்யப்பட்டது. அதன் கைப்பிடி ஒன்று தொலைந்தால் எஃகு அச்சைப் பற்றி நினைக்கவே முடியாது. ஒன்றிரண்டு பாகம் மட்டும் தேவைப்படுகிறவர் மனிதன் மிகப் பழங்காலத்தில் கண்ட வழிகளுக்கே திரும்புகிறார். அவை மணல் வார்ப்பும் மெழுகு வார்ப்பும் ஆகும்.

மணலும் மெழுகும்

மணல் வார்ப்பில், பாகத்தின் மாதிரியைச் சற்று ஈரமான மணலில் புதைத்துக் கெட்டித்து, பிறகு மாதிரியை வெளியே எடுத்துவிடுவார்கள். மிஞ்சிய வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். கோயம்புத்தூரின் பம்பு, மோட்டார்த் தொழிலுக்கு அடிப்படையாக விளங்கும் வார்ப்படசாலைகளில் இது அன்றாடக் காட்சி. ஆனால் மணல் பரப்பு சொரசொரப்பானது. பெரிய தாங்கிகளுக்கு ஏற்றது. நுண்ணிய எழுத்துகளுக்குப் போதாது.

மெழுகு வார்ப்பில், பாகத்தின் வடிவத்தை மெழுகில் செய்துகொள்வார்கள். அதன் மேல் நைசான களிமண் குழம்பையோ, வெப்பம் தாங்கும் வேறு பூச்சையோ பூசி உலரவிடுவார்கள். சூடு காட்டியதும் மெழுகு உருகி வெளியேறும். அது விட்டுச்சென்ற வெற்றிடத்தில் உலோகம் நிறையும். ஆறிய பின் அச்சை உடைத்துப் பாகத்தை எடுப்பார்கள்.

இது எங்கோ கேட்டது போல இருக்கிறதா? கும்பகோணத்தை அடுத்த சுவாமிமலையில் ஸ்தபதிகள் செப்புத் திருமேனிகளைச் செய்வது இம்முறையில்தான். தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவம் சமைத்து, காவிரி வண்டலைப் பூசி அச்சு எடுக்கிறார்கள். சோழர் காலச் சிலைகள் பிறந்ததும் இவ்வழியிலேயே. சார்லஸ் சைக்ஸ் என்ற சிற்பி 1911-இல் ரோல்ஸ் ராய்ஸ் காருக்காகப் படைத்த, ஆடை பறக்க முன்னோக்கிச் சாய்ந்து நிற்கும் பெண்ணின் உருவமும் மெழுகு வார்ப்பில் உருவானதே.

துத்தநாகத்துக்குப் பதிலாகப் பித்தளையிலோ வெண்கலத்திலோ நகலைச் செய்வது வழக்கம். எடை சற்றுக் கூடும். துத்தநாகக் கலவையின் அடர்த்தி சுமார் 6.6, பித்தளையினுடையது சுமார் 8.5. ஆனால் பித்தளை உள்ளிருந்து நொறுங்காது. முலாமும் அதில் நன்றாகப் பிடிக்கும்.

எங்கே போயிற்று 6.6 மில்லிமீட்டர்?

இப்போது முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். 400 மி.மீ. நீளமுள்ள அசல் பாகம் ஒன்று நம்மிடம் இருக்கிறது. அதையே மாதிரியாக வைத்து அச்சு எடுத்துப் பித்தளையை ஊற்றுகிறோம். பித்தளை சுமார் 900 டிகிரியில் உறைந்து திடமாகிறது. அந்தக் கணத்தில் அது அச்சை நிறைத்துக்கொண்டு 400 மி.மீ. நீளம் இருக்கிறது. பிறகு அறை வெப்பநிலையான 30 டிகிரிக்கு வரும்வரை அது சுருங்கிக்கொண்டே வருகிறது.

பித்தளையின் நீள் விரிவுக் குணகம் டிகிரிக்கு 0.000019. வெப்பநிலைக் குறைவு 870 டிகிரி. ஆகவே,

சுருக்கம் = 400 × 0.000019 × 870 = 6.6 மி.மீ.

நூற்றுக்கு ஒன்றரைக்கும் சற்று மேல். “இவ்வளவுதானா?” என்று கேட்காதீர்கள். அந்தப் பாகத்தின் அடியில் 300 மி.மீ. இடைவெளியில் இரண்டு முளைகள் இருக்கின்றன என்று கொள்வோம். அவை காரின் பானெட்டில் உள்ள இரண்டு துளைகளில் போய் உட்கார வேண்டும். நகலில் முளைகளுக்கு இடையே இருப்பது 295 மி.மீ. மட்டுமே. ஒரு முளை துளைக்குள் போனால் மற்றது தகட்டின் மேல் இடிக்கும். அடித்துப் பொருத்தப் பார்த்தால் முளை முறியும். துளையைப் பெரிதாக்கினாலோ எத்தனையோ ஆண்டுகள் தப்பிப் பிழைத்த அசல் பானெட் பாழாகும்.

வகுப்பில் வெப்ப விரிவைப் பற்றி நடத்தும்போது ரயில் தண்டவாள இடைவெளியைத்தான் நாங்கள் வழக்கமாக எடுத்துக்காட்டுகிறோம். அங்கே வெப்பநிலை மாறுவது சில பத்து டிகிரிகள் மட்டுமே. வார்ப்பிலோ அது எட்டு நூறு, ஒன்பது நூறு டிகிரி. அதனால்தான் சிறு பாகத்திலும் சுருக்கம் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வந்துவிடுகிறது.

இங்கே ஒரு சின்னப் புதிர். ஜமாக் கலவையின் நீள் விரிவுக் குணகம் 0.000027, பித்தளையைவிட அதிகம். அப்படியானால் அது வார்ப்பில் பித்தளையைவிட அதிகமாகச் சுருங்க வேண்டுமல்லவா? கணக்குப் போட்டுப் பாருங்கள். அது சுமார் 385 டிகிரியிலேயே திடமாகிவிடுவதால் 30 டிகிரிக்கு வர 355 டிகிரிதான் இறங்க வேண்டும். 0.000027 × 355 = 0.0096. அதாவது ஏறத்தாழ ஒரு விழுக்காடு மட்டுமே. சுருக்கம் குணகத்தை மட்டும் பொறுத்ததன்று. எந்த வெப்பநிலையிலிருந்து இறங்குகிறது என்பதையும் பொறுத்தது.

சுவாமிமலைத் திருமேனியும் இதே அளவில் சுருங்கத்தானே செய்யும்? செய்யும். ஆனால் அங்கே அது குறையாவதில்லை. முகம், கை, இடை எல்லாம் ஒரே விகிதத்தில் சுருங்குவதால் உருவத்தின் அழகு மாறுவதில்லை. தென்னை ஓலை நறுக்கை மடித்து ஸ்தபதி வகுக்கும் அளவு விகித அளவே. கார்ப் பாகத்துக்கோ விகிதம் சரியாக இருந்தால் போதாது. அது போய் உட்கார வேண்டிய துளைகள் முன்பே தகட்டில் போடப்பட்டுவிட்டன. வடிவொத்ததாக இருந்தால் போதாது, சர்வசமமாக இருக்க வேண்டும் என்று வடிவியல் மொழியில் சொல்லலாம்.

நீண்ட அளவுகோல்

வார்ப்படத் தொழிலாளர்கள் இதற்கு நெடுங்காலத்துக்கு முன்பே ஒரு தீர்வு கண்டார்கள். மாதிரி செய்யும் தச்சர்கள் ‘சுருக்க அளவுகோல்’ என்ற தனி அளவுகோலை வைத்திருந்தார்கள். பித்தளைக்கான கோலில் ஓர் அடி என்று குறித்திருப்பது உண்மையில் ஓர் அடியும் ஓர் அங்குலத்தில் பதினாறில் மூன்று பங்கும் ஆகும். வார்ப்பிரும்புக்கான கோலில் எட்டில் ஒரு பங்கு அங்குலம் கூடுதல். தச்சர் கணக்கே போட வேண்டாம். படத்தில் உள்ள அளவை அந்தக் கோலால் அளந்து மரத்தில் மாதிரி செய்தால், வார்ப்பு சுருங்கியபின் சரியான அளவுக்கு வந்து நிற்கும்.

நம் 400 மி.மீ. பாகத்துக்கு மாதிரி எவ்வளவு நீளம் இருக்க வேண்டும்? 400-ஐ 0.9835-ஆல் வகுத்தால் 406.7 மி.மீ. கிடைக்கிறது.

ஆனால் உடைந்த அசல் ஒன்றை எப்படி 6.7 மி.மீ. நீளமாக்குவது? இன்று கணினி இதற்குத் துணைசெய்கிறது. உடைந்த துண்டுகளைச் சேர்த்துவைத்து, ஒளிக்கற்றையால் அதன் பரப்பு முழுவதையும் அளந்து, லட்சக்கணக்கான புள்ளிகளாகக் கணினியில் பதிவுசெய்கிறார்கள். குழிகளையும் விரிசல்களையும் திரையிலேயே நிரப்புகிறார்கள். ஒரு பக்கம் மட்டுமே எஞ்சியிருந்தால் அதைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி மறு பக்கத்தை உண்டாக்குகிறார்கள். பிறகு உருவம் முழுவதையும் 1.017 மடங்கு பெரிதாக்கி, முப்பரிமாண அச்சுப் பொறியில் மெழுகிலோ நெகிழியிலோ அச்சிடுகிறார்கள். அதன் மேல் அச்சுப் பூச்சைப் பூசினால் மற்றவை பழைய மெழுகு வார்ப்பு முறைதான்.

கணினி வந்ததால் வேலை முடிந்துவிடுகிறதா? இல்லை. உலோகம் எல்லா இடத்திலும் ஒன்றுபோல ஆறுவதில்லை. மெல்லிய விளிம்பு முதலில் உறையும்; தடித்த நடுப்பகுதி கடைசியில் உறையும். திரவம் திடமாகும்போது அதன் பருமனும் குறைவதால், கடைசியில் உறையும் இடத்தில் குழியோ பள்ளமோ விழும். அந்த இடத்துக்குத் தொடர்ந்து உருகிய உலோகம் கிடைக்க ‘ரைசர்’ என்ற தடித்த குமிழ் ஒன்றைச் சேர்த்து வைக்கிறார்கள். வளைந்த நீண்ட பாகம் ஆறும்போது முறுக்கிக்கொள்ளவும் கூடும். அதன் பின் மெருகேற்றும்போது மேற்பரப்பு மேலும் சற்றுத் தேய்கிறது. எழுத்துகளின் கூர்மை போய்விடுகிறது. ஆகவே எழுத்துகளையும் விளிம்புகளையும் மாதிரியிலேயே சற்று உயர்த்திவைக்க வேண்டும். எவ்வளவு உயர்த்துவது என்பதைக் கை பழகியவரே சொல்ல முடியும். முதல் வார்ப்பை அளந்து பார்த்து மாதிரியைத் திருத்தி இரண்டாவதை வார்ப்பதே வழக்கம்.

பீடிங் பட்டையில் எதிர்ப்படுவது வேறு குணம். துருப்பிடிக்காத எஃகுத் தகட்டை அச்சில் அழுத்தி 90 டிகிரி மடித்துவிட்டு அழுத்தத்தை நீக்கினால், அது சில டிகிரி திரும்பி விரிந்துகொள்ளும். மீள்தன்மையே காரணம். அதனால் அச்சை 90-க்கும் சற்று அதிகமாக மடிக்கும்படி செய்கிறார்கள். வார்ப்பிலும் சரி, தகட்டிலும் சரி, பாகத்தின் வடிவமும் அச்சின் வடிவமும் ஒன்றன்று என்பதைக் கவனியுங்கள்.

மயிரிழையிலும் மெல்லிய ஆடை

பாகம் தயார். இனி அதற்கு முலாம். நாம் ‘குரோமியப் பளபளப்பு’ என்று சொல்வதில் பெரும்பங்கு நிக்கலுடையது. அடியில் செம்பு, அதன் மேல் சுமார் 25 மைக்ரான் நிக்கல், மேலே சுமார் 0.3 மைக்ரான் மட்டுமே குரோமியம். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமயிரின் தடிமன் சுமார் 70 மைக்ரான்.

ஃபாரடேயின் விதியைக் கொண்டு நிக்கல் படிய ஆகும் நேரத்தைக் கணக்கிடலாம். பாகத்தின் பரப்பு 100 சதுர செ.மீ.; தடிமன் 25 மைக்ரான், அதாவது 0.0025 செ.மீ. கன அளவு 0.25 கன செ.மீ. நிக்கலின் அடர்த்தி 8.9, எனவே நிறை சுமார் 2.2 கிராம். நிக்கலின் அணு எடை 58.7, இணைதிறன் 2. ஒரு ஃபாரடே 96,500 கூலும். ஆகவே தேவையான மின்னூட்டம் சுமார் 7,300 கூலும். 4 ஆம்பியர் மின்னோட்டம் செலுத்தினால் 1,800 நொடிகளுக்குச் சற்று மேல், அதாவது அரை மணி நேரம். பாடநூல் விதி பட்டறையில் அப்படியே வேலை செய்கிறது!

ஆனால் இதை வீட்டில் செய்துபார்க்க எண்ணாதீர்கள். துத்தநாகத்தின் மேல் செம்பைப் படியவைக்கப் பயன்படும் கரைசலில் சயனைடு இருக்கிறது. குரோமியக் கரைசலில் உள்ள ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோய் உண்டாக்குவது. ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் தொழிற்சாலை ஒன்று விட்டுச்சென்ற கழிவுக் குவியல் அப்பகுதியின் நிலத்தடி நீரைக் கெடுத்ததை நாம் அறிவோம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 முதல் குரோமியம் டிரை ஆக்சைடைத் தனி அனுமதியின்றிப் பயன்படுத்த முடியாது. நச்சு குறைந்த மூன்று இணைதிறன் குரோமியக் கரைசல்களும் வந்துவிட்டன. அவற்றின் நிறம் சற்று வேறுபடுகிறது என்பதால் பழைய கார்ப் பிரியர்கள் சிலர் தயங்குகிறார்கள். அந்தச் சிறு நிற வேறுபாட்டுக்காகத் தொழிலாளியின் நுரையீரலையும் ஊர்க் கிணற்றையும் பணயம் வைக்கலாமா என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

நகலா, போலியா?

நல்ல நகல் அசலிலிருந்து பிரித்தறிய முடியாதபடி இருக்கும். அதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. அரிய உருவம் ஒன்றின் நகலை ‘அசல்’ என்று சொல்லி விற்கிறவர்களும் உண்டு. இதைத் தவிர்க்க, நேர்மையான கைவினைஞர் பாகத்தின் பின்புறத்தில், பொருத்தியபின் வெளியே தெரியாத இடத்தில், செய்த ஆண்டையோ தம் குறியையோ பொறித்துவிடுவார். குறி இல்லாவிட்டாலும் இயற்பியல் காட்டிக்கொடுக்கும். எடையைப் பார்த்தால் துத்தநாகமா பித்தளையா என்பது தெரிந்துவிடும். அசலிலிருந்து நேராக அச்சு எடுத்த மலிவு நகல் என்றால் அளவே சொல்லிவிடும். அது ஒன்றரை விழுக்காடு குட்டையாக இருக்கும்!

உடைந்த அசலையும் தூக்கி எறியக் கூடாது. பிற்காலத்தில் இன்னொருவர் அளந்து பார்க்க அது ஒன்றே சான்று. கோயம்புத்தூர் அவினாசி சாலையில் 2015-இல் திறக்கப்பட்ட ஜி.டி. கார் அருங்காட்சியகத்துக்குச் செல்ல வாய்ப்புக் கிடைத்தால் அணிப் பாகங்களைச் சற்று அருகில் நின்று பாருங்கள். எங்கே கொப்புளம், எங்கே குழி, எது வார்ப்பு, எது தகடு என்று உங்களால் இனி சொல்ல முடியும்.

செய்து பாருங்கள்

பெரியவர் ஒருவரின் துணையோடு, கொதிநீரில் வைத்த பாத்திரத்தில் மெழுகுவர்த்தித் துண்டுகளை உருக்குங்கள். நேரடியாக அடுப்பில் வைக்க வேண்டாம், மெழுகு தீப்பற்றும். உருகிய மெழுகைச் சிறு கிண்ணம் ஒன்றில் விளிம்பு வரை ஊற்றி ஆறவிடுங்கள். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் ஓரம் உயர்ந்தும் நடுப்பகுதி குழிந்தும் இருக்கும். கடைசியில் உறைந்த இடம் அதுதான்.

அந்தக் குழியில் ஓர் ஊசிக்குழாயால் சொட்டுச் சொட்டாக நீரை விட்டு, விளிம்பு மட்டம் வரை நிரம்ப எத்தனை மில்லிலிட்டர் பிடிக்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். முன்னதாக வெறும் கிண்ணத்தின் கொள்ளளவையும் அளந்திருந்தால், மெழுகு எத்தனை விழுக்காடு சுருங்கியது என்பதை ஏறத்தாழக் கணக்கிடலாம். அடுத்து இன்னொரு கிண்ணத்தில், நடுப்பகுதி உறைந்துவரும்போது இரண்டு மூன்று முறை சிறிது உருகிய மெழுகை ஊற்றிக்கொண்டே வாருங்கள். இம்முறை குழி விழுகிறதா? வார்ப்படசாலையில் ரைசர் செய்யும் வேலை அதுவே.